சேஸ் முறுக்கட்டும், பாடி முறுக்க வேண்டாம்

ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஃபோர் வீல் டிரைவ் லாரி. நத்தம் தாண்டி மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவருடையது. சீசனில் மாங்காய்க் கிரேட், கோடையில் தண்ணீர், மற்ற நாளில் உரமோ கல்லோ மண்ணோ ஏறும். தோப்புக்குப் போகிற வழியில் இரண்டு ஓடை, ஒரு பாறைச் சரிவு. அங்கே நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்கிற இடம் என்று எதுவும் கிடையாது.

மதுரைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வண்டி வந்தது கேபின் வேலைக்காக. முன் கண்ணாடியில் மூலையிலிருந்து குறுக்கே விரிசல். ஓடையில் ஒரு சக்கரம் இறங்கினால் இடது கதவு இறுகிக்கொள்ளும், மறுகரையில் ஏறும்போது தானாகத் திறந்துகொள்ளும். கேபின் தரையில் பின் மவுண்ட், அதாவது கேபினைத் தாங்குகிற பிடிமானம், இரண்டையும் சுற்றித் தகரம் கிழிந்திருந்தது. அதன் மேல் பட்டை வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். அந்தப் பட்டையின் ஓரத்தில் மறுபடியும் கிழிசல்.

"தகரம் சரியில்லண்ணே. நல்ல கெட்டித் தகரமா மாத்தி விட்டுருங்க" என்றார் ஓனர்.

கெட்டித் தகரம் போட்டால் அடுத்த தடவை வேறு இடத்தில் கிழியும், அவ்வளவுதான். கிழிசல் இரண்டு பின் மவுண்டிலும் இருக்கிறது, முன் மவுண்டில் இல்லை, கண்ணாடி மூலைக்கு மூலை உடைந்திருக்கிறது என்றால் தகரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேபினை யாரோ கீழேயிருந்து பிழிகிறார்கள். யார் என்று பார்க்க வண்டிக்கு அடியில் படுத்தால் போதும்.

சரக்கு ஏற்றுகிற பாடியைக் கட்டியது வேறொரு பட்டறை. கேபினுக்குப் பின்னாலிருந்து, பின் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஹேங்கர் வரைக்கும், சேஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், திறந்த பக்கத்தில் பிளேட் வைத்து அடைத்து, சி வடிவத்தைப் பெட்டியாக்கியிருந்தார்கள். அதன் மேல் பாடியைத் தாங்குகிற நீளச் சட்டமான லாங் ரன்னரைச் சேஸின் மேல் விளிம்போடு நீளவாக்கில் வெல்டிங் பிடித்திருந்தார்கள். வேலையில் சுத்தம் இருந்தது, மணி மணியான வெல்டிங். ஆனால் அடைத்த பிளேட் முடிகிற இடத்தில், கேபினுக்கு நேர் பின்னால், சேஸின் கீழ் விளிம்பில் இரண்டு இஞ்ச் விரிசல். வெல்டிங் நின்ற இடத்திலிருந்துதான் அது தொடங்கியிருந்தது.

சேஸை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. 200 மி.மீ. உயரம், 70 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள சி சேனல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவில் நாலு பக்கமும் மூடிய பெட்டிக் குழாய் ஒன்று. வளைவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முறுக்குவதில்தான் இருக்கிறது சங்கதி. மூடிய பெட்டியைத் திருக, திறந்த சேனலைத் திருகுவதைப் போல் சுமார் 290 மடங்கு பலம் வேண்டும். பட்டறைப் பையன்களுக்குக் கணக்கு வேண்டாம். ஒரு பிவிசி பைப்பை நீளவாக்கில் ஹேக்ஸாவால் கீறிக் கையில் கொடுப்பேன், திருகிப் பார்ப்பார்கள். கீறாத பைப்பையும் கொடுப்பேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

ஆக, முறுக்குவதற்கென்றே விட்ட சேஸில் பாதியை முறுக்காத கட்டையாக்கிவிட்டார்கள். மேடுபள்ளம் குறைந்துவிடவில்லையே. பத்தடியில் பரவியிருக்க வேண்டிய முறுக்கு, அடைக்காமல் விட்ட மூன்று நாலு அடிக்குள் வந்து குவிந்தது. அந்த மூன்று நாலு அடியின் மேல்தான் கேபின் உட்கார்ந்திருக்கிறது.

இந்த மாதிரி வண்டியில் சேஸ் முறுக்குவது குறை இல்லை. சக்கரத்தைத் தரையோடு வைத்திருக்க ஸ்பிரிங் பட்டை செய்கிற வேலையில் ஒரு பங்கைச் சேஸும் எடுத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் போனது ஜெர்மனியின் யூனிமாக். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஆல்பர்ட் ஃபிரீட்ரிஷ் என்ற பொறியாளர் விவசாயத்துக்காகத் திட்டமிட்ட வண்டி, 1948ல் தயாரிப்புக்கு வந்தது. இரண்டு உருளைக்கிழங்குப் பாத்தி அகலத்துக்குச் சரியாக சக்கர இடைவெளியை 1,270 மி.மீ. என்று வைத்தார்கள். பின்னால் வந்த யூனிமாக்குகளில் சி சேனல் இரண்டு, நடுவில் குழாய்க் குறுக்குகள், மேலே கேபினும் பாடியும் மூன்று புள்ளியில். சேஸ் எப்படித் திருகினாலும் மேலே உட்கார்ந்திருப்பதற்கு அது தெரியாது. இதற்கு நேர் எதிர்க் கட்சியும் உண்டு: டாட்ரா. 1923ல் ஹான்ஸ் லெட்விங்கா கொண்டுவந்த முறை அது. நடுவில் ஒரே தடித்த குழாய் முதுகெலும்பு, அது முறுக்கவே முறுக்காது. அரை ஆக்சில்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். நம் ராணுவத்தில் பொதுத்துறை நிறுவனமான பிஇஎம்எல் மூலம் 1986லிருந்து வந்த வண்டிகள் அந்த வகை. இரண்டும் காட்டுக்கு ஏற்ற வண்டிதான். ஆனால் ஒன்றுக்குப் பாடி கட்டுகிற முறையை மற்றதில் வைத்தால் கதை கந்தல்.

மரப் பாடிக் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேஸ் மேல் மர ரன்னர், யூ போல்ட், அதன் மேல் குறுக்குக் கட்டை, பலகை. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் அசையும், முனகும், ஆனால் உடையாது. அப்போதைய ஆசாரிகள் யூ போல்ட் இறுக்கும் இடத்தில் சேனலுக்குள் ஒரு மரத்துண்டைச் செருகுவார்கள், விளிம்பு நசுங்காமல் இருக்க. இப்போது இரும்புப் பாடி. இரும்பை அதே இடத்தில் அதே மாதிரி வைத்தால் மரம் கொடுத்த இளக்கத்தை அது கொடுக்காது.

சரி, வேலைக்கு வருவோம். பாடியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அளவு எடுத்தோம். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் துண்டுகள் பட்டறையில் எப்போதும் கிடக்கும். இடது முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு அடி உயரத்துக்கு அடுக்கினோம், வலது பின் சக்கரத்துக்கும் அப்படியே. சேஸின் இரண்டு பக்கத்துக்கும் கொத்தனார் வைத்திருக்கிற மட்டக்குழாயைப் பிடித்தால் போதும், வேறு கருவி வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறதோ அதுதான் முறுக்கு. பழைய பாடியோடு, கேபின் பின்புறத்துக்கும் பின் ஹேங்கருக்கும் இடையே முறுக்கு முக்கால் இஞ்ச் கூட இல்லை. அதே சமயம் கேபினுக்கு அடியில் மட்டும் ஒன்றே கால் இஞ்ச். பாடியைக் கேஸ் கட்டிங்கில் பிரித்து, அடைத்த பிளேட்டையும் கிரைண்டரில் பொறுமையாக எடுத்துவிட்டு, அதே கல்லில் மறுபடி ஏற்றினோம். இப்போது கேபின் பின்னாலிருந்து ஹேங்கர் வரை இரண்டரை இஞ்ச். கேபினுக்கு அடியில் ஐந்து நூல்தான் (எட்டு நூல் ஒரு இஞ்ச்). சேஸின் அகலம் 34 இஞ்ச் என்பதால் இரண்டரை இஞ்ச் என்றால் நாலு டிகிரிக்குச் சற்று மேல். இனி செய்கிற எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் அடிப்படை. ஏற்பாடு எட்டு டிகிரி வரை இரும்போடு இரும்பு மோதாமல் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

சேஸ் விரிசலுக்கு நுனியில் சின்ன ஓட்டை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தினோம். பிறகு வி வடிவில் குடைந்து, சூடாக்கிக் காயவைத்த 7018 வெல்டிங் ராடால் நிரப்பி, கிரைண்டரில் சமமாகத் தேய்த்தோம். அதன் மேல் பட்டை வைத்துச் சுற்றிலும் வெல்டிங் அடிப்பது வேண்டாம். உள்பக்கம் எல் பிளேட் ஒன்று, இரண்டு முனையும் சாய்வாக வெட்டி, செங்குத்துச் சுவரில் மட்டும் போல்ட். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் இதெல்லாம். எர்த் கிளாம்பும் வெல்டிங் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதைத் தின்றுவிடும்.

பாடியை உட்கார வைக்கப் பொதுவாக மூன்று வழி உண்டு. ரன்னர் சேஸின் மேல் நீளமாகப் படுத்திருக்க, பின்னால் இறுக்கமாகவும் முன்னால் ஸ்பிரிங் போட்ட போல்ட்டாகவும் பிடிப்பது ஒன்று. முறுக்கும்போது முன் பக்கம் ஒரு ஓரம் தூக்கிக் கொடுக்கும், எடை சேஸ் முழுக்கப் பரவும். மணல், ஜல்லி என்று பாரமாக ஏற்றுகிற வண்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன். இரண்டாவது வைரக்கட்டு: முன் நடுவில் ஒன்று, பின் நடுவில் ஒன்று, இடையில் பக்கத்துக்கு ஒன்று. நாலும் திரும்பும் மூட்டுகள். நீளமான பெட்டிக்கு அது அழகு, ஆனால் வேலை அதிகம். மூன்றாவது மூன்று புள்ளி. அடுப்புக்குக் கூட்டிய மூன்று கல் மாதிரி, தரை எப்படி இருந்தாலும் மேலே இருப்பது ஆடாது. இந்த வண்டிக்குப் பத்தடிப் பாடி, இரண்டரை டன் சரக்கு. அதனால் மூன்று புள்ளிக்குப் போனோம். பின்னால் இரண்டு, முன்னால் நடுவில் ஒன்று.

"முன்னாடி ஒரே இடத்துல தாங்குமாண்ணே?" என்று ஓனர் கேட்டார். நியாயமான கேள்வி. சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டினேன். முன் மூட்டு பாடியின் முதல் அடியில், பின் மூட்டு எட்டாவது அடியில், சரக்கின் நடு ஐந்தாவது அடியில். பாடியும் சரக்கும் சேர்ந்து மூன்று டன்னுக்குக் கொஞ்சம் மேல். அதில் ஏழில் மூன்று பங்கு முன் மூட்டுக்கு வரும், அதாவது ஒன்றேகால் டன்னுக்கு மேல். வண்டி குதித்தால் அதைப் போல் மூன்று மடங்குக்குத் தாங்க வேண்டும். சேஸில் ஏற்கெனவே இருக்கிற குறுக்குச் சட்டத்தில் அதை வைக்க முடியாது. நாலரை இஞ்ச் வெளிவிட்டமுள்ள ஹெவி பைப்பில் புதுக் குறுக்கு செய்து, இரண்டு முனையிலும் 12 மி.மீ. பிளேட் வெல்டிங் பிடித்து, சேஸின் செங்குத்துச் சுவரில் பலம் கூடிய 10.9 கிரேடு போல்ட்டால் கட்டினோம். சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. வளையும்போது இழுப்பும் அழுத்தமும் அதிகமாக அங்கேதான் வரும். கூடுமானவரை கம்பெனி போட்ட ஓட்டையையே பயன்படுத்தினோம்.

முன் மூட்டுக்குக் கடையில் போய் எதையும் தேட வேண்டியதில்லை. பத்து சக்கர லாரியில் ஆக்சிலைப் பிடித்து நிறுத்துகிற டார்க் ராடில் வருகிற ரப்பர் புஷ் இருக்கிறதே, அதுதான். நடுவில் இரும்பு, சுற்றிலும் ரப்பர், வெளியே இரும்பு வளையம். புதுசாகவே வாங்கினோம், பழையதில் ரப்பர் இரும்பை விட்டிருக்கும். வளையத்தைப் பாடியின் குறுக்கு பீமில் வைத்த கூட்டுக்குள் பிரஸ்ஸில் ஏற்றி, நடுவில் இருக்கும் இரும்புப் பின்னை வண்டியின் நீளவாக்கில் நிற்க வைத்தோம். பாடி பக்கவாட்டில் தாராளமாகச் சாயும், மற்றத் திசைகளிலும் ரப்பர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அந்தக் கொஞ்சம் தேவை, ஏனென்றால் சேஸ் சரக்கில் தொய்யவும் செய்யும்.

பின்னால் இரண்டுக்கும் பழைய ஸ்பிரிங் பட்டையின் கண்ணை வெட்டி எடுத்து, புது புஷ்ஷும் இரும்புப் பின்னும் போட்டோம். இங்கே இரும்புப் பின் குறுக்குவாக்கில் கிடக்கும். ஹேங்கருக்கு நேர் மேலே வைத்ததால் சேஸின் கெட்டியான இடத்தில் எடை இறங்குகிறது. வண்டி ஓடும்போது, பிரேக் அடிக்கும்போது வருகிற முன்பின் இழுப்பு முழுக்க இந்த இரண்டு பின்னும்தான் வாங்கும். முன் மூட்டுக்கு எடையும் பக்க அசைவும் மட்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பாடி சேஸைத் தொடாமல் இருக்க வேண்டும். நாலு டிகிரிக்குச் சேஸின் ஓரம் ஒன்றேகால் இஞ்ச் எழும்பும். அதைப் போல் இரு மடங்கு, இரண்டரை இஞ்ச் இடைவெளி விட்டோம். அந்த இரண்டரை இஞ்சும் சரக்கின் உயரத்தில் கூடும். கிரேட்டை அடுக்கிக்கொண்டு சரிவில் போகிறவருக்கு அது சந்தோஷமான செய்தி இல்லை. முன்னால் இரண்டு பக்கமும் ஒன்றே முக்கால் இஞ்ச் இடைவெளியில் ரப்பர் தடுப்பு வைத்தேன். அளவுக்கு மீறி முறுக்கினால் அதில் உட்காரும், இரும்போடு இரும்பு மோதாது.

கேபின் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முன் இரண்டு மவுண்டை அப்படியே வைத்து ரப்பரை மட்டும் மாற்றினோம். பின் இரண்டையும் எடுத்துவிட்டு நடுவில் ஒன்று. கிழிந்த தகரத்தை வெட்டி எறிந்து, தரைக்கு அடியில் கேபின் அகலத்துக்கு ஒரு பீம் கொடுத்து, அதன் நடுவில் மவுண்ட். இந்த மவுண்டில் ரப்பர் இரண்டு: பிராக்கெட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் ரப்பர் எடையைத் தாங்கும், கீழ் ரப்பர் கேபின் துள்ளும்போது பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே போல்ட். அந்தப் போல்ட்டைச் சுற்றி ஒரு இரும்பு ஸ்லீவ் கட்டாயம் இருக்க வேண்டும். நட்டை இறுக்கினால் வாஷர் ஸ்லீவில் போய் முட்டி நிற்கும், ரப்பர் ஸ்லீவின் நீளம் விட்ட அளவுக்குத்தான் நசுங்கும். எங்களுக்கு மூன்று நூல் நசுக்கம் வருகிற மாதிரி லேத்தில் வெட்டினோம். வந்த வண்டியில் ஒரு மவுண்டில்கூட ஸ்லீவ் இல்லை. ரப்பர் பிதுங்கி வெளியே வரும்வரை இறுக்கியிருந்தார்கள். அப்படிப் பிதுங்கிய ரப்பர் ரப்பர் வேலை செய்யாது, இரும்பு வேலைதான் செய்யும்.

நடுவில் ஒரே மவுண்ட் என்றால் கேபின் பக்கவாட்டில் ஆடும். அதை அடக்கப் பின் மூலைகளில் ஒரு ஜோடி சின்ன ஷாக் அப்சார்பர். பட்டறைப் பையன் கேபினைப் பிடித்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இப்படி ஆடுது?" என்றான். "ஆடட்டும்டா, அதுக்குத்தான் வச்சிருக்கு" என்றேன். அவனுக்கு முழுத் திருப்தி இல்லை.

கேபின் அசையும் என்று ஆனபிறகு, கேபினிலிருந்து சேஸுக்குப் போகிற ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் ராடில் யூனிவர்சல் ஜாயிண்டும் நீண்டு சுருங்குகிற ஸ்ப்ளைனும் இருந்தன, ஸ்ப்ளைன் துருவேறி இறுகியிருந்தது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்தோம். கிளச் ஹைட்ராலிக் என்பதால் தப்பித்தோம், ஹோஸை மட்டும் நீளமாக மாற்றினோம். ராடில் இயங்குகிற கிளச் என்றால் கேபின் சாயும்போது தானே மிதிபடும். கியர் லீவர் ஓட்டையைப் பெரிதாக்கி ரப்பர் உறை. ஒயரிங் முழுக்க ஒரு வளையம் தளர்வு.

கேபினுக்கும் பாடிக்கும் நடுவிலும் அப்படித்தான். கேபின் சேஸின் முன்பகுதியோடு போகிறது, பாடி பின்பகுதியோடு போகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து டிகிரி என்றால், ஐந்தடி உயரத்தில் கேபின் கூரையும் பாடியின் முன் பலகையும் ஒன்றுக்கொன்று ஐந்து இஞ்ச் பக்கவாட்டில் நகரும். பழைய பாடியில் கேபின் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒரு சாமான் தட்டு இருந்தது, அதன் கால் இரண்டு கேபினில், இரண்டு பாடியில். கூரை ஓரம் சப்பியிருந்ததற்குக் காரணம் அதுதான். வெட்டி எடுத்தாயிற்று. சைலன்சர் பைப்பையும் பாடியிலிருந்து கழற்றிச் சேஸுக்கு மாற்றினோம்.

மறுபடி அதே கிரானைட் அடுக்கில் ஏற்றி, முறுக்கிய நிலையிலேயே இரண்டு கதவையும் திறந்து மூடிப் பார்த்தோம். மூடியது. மட்டக்குழாயில் இரண்டரை இஞ்சுக்கு இரண்டு நூல் குறைவு, அதாவது பாடி ஏறின பிறகும் சேஸ் கிட்டத்தட்ட வெறும் சேஸாகவே நடந்துகொள்கிறது. ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் தெரியாது, நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் எந்த வண்டியும் நன்றாகத்தான் போகும். எல்லாப் போல்ட்டிலும் நட்டோடு சேர்த்து வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு, சரக்கோடு தோப்புக்குப் போய்வரச் சொன்னேன். திரும்பி வந்தபோது புதுக் குறுக்கில் இரண்டு போல்ட்டின் கோடு விலகியிருந்தது. பிளேட்டுக்கு அடியில் இருந்த பெயிண்ட் நசுங்கியதால் வந்த தளர்வு. அந்த இடத்தைச் சுரண்டி, இரும்பு இரும்போடு உட்கார வைத்து இறுக்கினோம். அதன் பிறகு விலகவில்லை. ஓடைக்குள் பாறையில் ஏறும்போது பின்னால் திரும்பிப் பார்த்தால் பாடி வேறு பக்கம் சாய்ந்திருப்பது தெரிகிறது, டிரைவருக்கு அது பழகக் கொஞ்சம் நாள் ஆகும்.

பாடி மாற்றியதை ஆர்டிஓ ஆபீசில் பதிய வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52ஆம் பிரிவு அதைப் பற்றியது. காகித வேலையை ஓனர் பார்த்துக்கொள்கிறார்.

பாக்கி இருப்பது தண்ணீர்த் தொட்டி. அதற்கும் தனியாக மூன்று புள்ளி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம். பாடி இப்போது முறுக்காது என்பதால் 2,000 லிட்டர் தொட்டியை அதன் தரையில் நேராக நாலு போல்ட்டில் கட்டிவிடலாம். தண்ணீர் இரண்டு டன், ஆனால் அரைத் தொட்டியோடு சரிவில் திரும்பும்போது அது மொத்தமாக ஒரு பக்கம் ஓடும். அதனால் உள்ளே குறுக்கே இரண்டு, நீளத்தில் ஒன்று என்று ஓட்டை போட்ட தடுப்புத் தகடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தகடு வெட்டி வைத்தாயிற்று, தொட்டி இன்னும் வரவில்லை.